புஷ்பவள்ளி சேர்த்துவிட்ட ஆள்

மலேசியாவில் லிங்கிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் புஷ்பவள்ளிக்கு இருபத்தொரு வருட வேலை. குலை வெட்டும்போது சிதறி விழும் பழங்களைப் பொறுக்கிக் கோணியில் நிரப்புவாள். உரம் போடும் மாதத்தில் உரம் போடுவாள். இதில் பத்தொன்பது வருடம் அவளுக்கு அடுத்த நிரையில் ரோகினிதான் குனிந்திருந்தாள். மரத்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. முகம் தெரியாது. குரல் மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

ரோகினி வாய் ஓயாமல் பேசுவாள். நேற்றைய டிவி நாடகம், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் புது மோட்டார் சைக்கிள் வாங்கிய கதை, மகள் யாழினிக்குக் கணக்கில் கிடைத்த மார்க். புஷ்பவள்ளி கேட்கிறவள். கொஞ்ச நேரம் அவளிடமிருந்து சத்தமே வரவில்லை என்றால் ரோகினி நிமிர்ந்து, "உசுரோட இருக்கியா லா?" என்று கத்துவாள். ரோகினியின் புருஷன் யாழினிக்கு ஆறு வயதாக இருக்கும்போதே நெஞ்சு வலியில் போய்விட்டான். புஷ்பவள்ளிக்குப் பிள்ளை இல்லை. யாழினி அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். பாதி நாள் சாப்பாடும் பெரியம்மா வீட்டில்தான்.

கடன் முதலில் வந்தது புஷ்பவள்ளி வீட்டுக்கு. 2022-இல், மழை விட்ட ஒரு காலையில், குலை வெட்டப் போன அவள் புருஷன் சன்னாசி செம்மண் சாலையில் மோட்டாரோடு சறுக்கி விழுந்தார். கணுக்கால் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. தொழிலாளர் காப்புறுதியான சொக்சோ பணம் வரும், ஆனால் பாரம், டாக்டர் கடிதம் என்று இரண்டு மாதம் இழுக்கும் என்றார்கள். அந்த இரண்டு மாதத்துக்கு வழி இல்லை. பஸ் நிறுத்தத்துக் கம்பத்தில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. உடனே பணம், சம்பள நாளில் கட்டலாம் என்று மலாயில் எழுதி, கீழே ஒரு நம்பர்.

மறுநாளே புவனேஸ்வரன் வந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, மரியாதையான பேச்சு. ஆயிரம் ரிங்கிட் வெள்ளி கேட்டவளிடம் எண்ணூறைக் கொடுத்தான்.

"மொத மாச வட்டிய முன்னாடியே எடுத்துக்குவோம்க்கா. எல்லாருக்கும் அப்படித்தான். பேங்க் கார்டும் பின் நம்பரும் குடுத்துடுங்க. சம்பளம் விழுந்ததும் நானே எடுத்து, வட்டி போக மிச்சத்த வீட்டுக்கே கொண்டாந்துடறேன். உங்களுக்கு பேங்குக்கு அலையற வேல மிச்சம்."

எண்ணூறு வெள்ளிக்காக மாதச் சம்பளத்தையே ஒருவன் சட்டைப் பையில் போடுவார்களா என்று கேட்கலாம். கேட்பது சுலபம். உள்ளே சன்னாசி கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். மருந்து வாங்கவேண்டியிருந்தது. அவள் கார்டைக் கொடுத்தாள்.

சம்பளம் ஏழாம் தேதி விழும். புவனேஸ்வரன் ஒன்பதாம் தேதி வருவான், சில மாதம் பதினொன்றாம் தேதி. வட்டி இருநூறு வெள்ளி. கார்டைப் பத்திரமாக வைத்திருந்ததற்கு இருபது வெள்ளி. சன்னாசி நொண்டி நொண்டி மறுபடி வேலைக்குப் போன பிறகும் அசல் அப்படியே நின்றது. எட்டு மாதத்தில் ஆயிரத்து அறுநூறு வெள்ளி வட்டி கட்டியிருந்தாள். இன்னும் எவ்வளவு என்று கேட்டால், "அதே ஆயிரம்தான்க்கா, கூடலயே" என்று சிரிப்பான். சொக்சோ பணம் வந்ததும் மொத்தமாக அடைக்க நினைத்திருந்தாள். வந்த பணம், அதற்குள் மளிகைக் கடையில் ஏறியிருந்த பாக்கிக்கே சரியாகப் போனது.

ஒன்பதாவது மாதம் அவன் ஒரு வழி சொன்னான்.

"ஒரு ஆள சேத்து விடுங்கக்கா. ரெண்டு மாச வட்டி தள்ளிடறேன்."

முடியாது என்றுதான் முதலில் சொன்னாள். அடுத்த மாதமும் அதையே சொன்னாள்.

அந்தச் சமயத்தில் யாழினிக்குச் சிரம்பானில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. முன்பணம் கட்டவேண்டும், மடிக்கணினி வாங்கவேண்டும். ரோகினியிடம் ஆயிரத்து ஐந்நூறு குறைந்தது. மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் கேட்டாள்:

"புஷ்பா, நீ வாங்கினியே ஒரு எடத்துல, அவங்க எப்படி? நல்ல ஆளுங்களா?"

புஷ்பவள்ளி கையிலிருந்த பழங்களைக் கோணியில் போட்டாள். பிறகு சொன்னாள்:

"பரவால்ல லா. தன்மையாத்தான் பேசுவான்."

அது பொய் இல்லை. அவன் தன்மையாகத்தான் பேசினான். வட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். கார்டைப் பற்றி, அதே ஆயிரத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். இரண்டு மாதம் முழுச் சம்பளமும் கைக்கு வரும் என்ற நினைப்பில்தான் சொல்லாமல் விட்டேன் என்று பிற்பாடு சன்னாசியிடம் அவளே சொன்னாள். அன்று மத்தியானமே புவனேஸ்வரனின் நம்பரை ரோகினியின் போனில் அவள்தான் அழுத்திக் கொடுத்தாள்.

இரண்டு மாதம் வட்டி தள்ளிவிட்டான், சொன்ன சொல் தவறாமல். முதல் மாதம் அவள் சன்னாசிக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கினாள்.

ரோகினிக்கு வட்டியே மாதம் முந்நூறு. வருடக் கடைசி மழையில் வேலை நாட்கள் குறைந்தன. ஒரு மாதம் சம்பளம் வட்டிக்கும் வீட்டுக்கும் போதாமல் போக, பாதி வட்டியை அடுத்த மாதம் தருவதாகக் கெஞ்சினாள். அதற்கு அபராதம், அபராதத்துக்கு வட்டி. மார்ச் மாதம் ஒரு காலையில் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் வழிந்துகொண்டிருந்தது. அந்த வாரமே அவளுடைய அடையாள அட்டையின் படத்தையும் யாழினியின் படத்தையும் ஒன்றாகச் சேர்த்து, கடன்காரி மகள் என்று எழுதி, யாழினியின் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார்கள். யாழினி பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ரோகினி புவனேஸ்வரனைக் கூப்பிட்டு அழுதிருக்கிறாள். அதுவரை அக்கா என்றவன் அன்று அப்படிப் பேசவில்லை.

"என்கிட்ட ஏன் அழற? உன்ன சேத்துவிட்டவகிட்ட போய் கேளு. உன்ன காட்டி ரெண்டு மாச வட்டி கழிச்சிக்கிட்டா இல்ல?"

மறுநாள் வேலையில் ரோகினி பேசவில்லை. பத்து மணிக்குத் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது மரத்தைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"நெசமா புஷ்பா?"

புஷ்பவள்ளி தண்ணீர்ப் போத்தலை மூடினாள்.

"வட்டி எவ்வளோன்னு உனக்குத் தெரியும். கார்ட புடிச்சிக்குவான்னு தெரியும். எல்லாம் தெரிஞ்சுதான சொன்ன?"

"ஆமா."

ரோகினி திட்டவில்லை. தன் நிரைக்குப் போய், அன்றைய கோணிகளைக் கட்டி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். நான்காம் நாள் காலை, பெயர் கூப்பிடும் பெரட்டில், ஆபிஸ் கணக்கர் கிராணி மகேந்திரன் அவள் பெயரைப் படித்தபோது பதில் இல்லை. வீடு பூட்டிக் கிடந்தது. தாயும் மகளும் எங்கே போனார்கள் என்று லயத்து வீடுகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. போன் நம்பரும் மாறிவிட்டது.

அடுத்த ஒன்பதாம் தேதி புவனேஸ்வரன் புஷ்பவள்ளியின் சம்பளத்தில் ஐந்நூறு வெள்ளி எடுத்துக்கொண்டு மிச்சத்தோடு வந்தான்.

"உங்க ஆளு ஓடிட்டா. சேத்து விட்டவங்கதான் பொறுப்பு."

அன்றுதான் அவள் சன்னாசியிடம் எல்லாவற்றையும் சொன்னாள், செருப்பு வாங்கிய காசு உட்பட. பிறகு இருவரும் மகேந்திரனைப் பார்க்க ஆபிசுக்குப் போனார்கள்.

"கார்ட புடிச்சி வெச்சிக்கிறதே தப்புக்கா. லைசென்ஸ் உள்ளவன்கூட செய்யக்கூடாது. மொதல்ல பேங்குக்குப் போய் கார்ட கேன்சல் பண்ணுங்க. அப்புறம் நேரா போலிஸ்" என்றான் மகேந்திரன். லீவு பாரத்தை அவனே எழுதினான்.

போலிஸ் நிலையத்தில் அவள் புவனேஸ்வரனின் பெயர், போன் நம்பர், கார் நம்பர் எல்லாம் சொன்னாள். ரோகினியின் கதவில் சாயம் ஊற்றியதையும் சொன்னாள். கடைசியில், "நான்தான் அவள இவன்கிட்ட சேத்து விட்டேன். அதுக்கு எனக்கு வட்டி தள்ளுனான். அதையும் எழுதிக்குங்க" என்றாள்.

சன்னாசி அவள் கையைப் பிடித்து இழுத்தார். "அத ஏன் சொல்ற? நம்ம மேலயே திரும்பிடும்."

"எழுதட்டும்."

அந்த மாதமே அவர்கள் கதவிலும் சாயம் ஊற்றினார்கள். சன்னாசி மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். முழுதாகப் போகவில்லை. தெரியாத நம்பர்களிலிருந்து மிரட்டல் வந்தது. ஒவ்வொன்றையும் மகேந்திரனிடம் காட்டி, அவளே நிலையத்துக்குப் போய் அந்த ரிப்போர்ட்டோடு சேர்க்கச் சொன்னாள். லயத்தில் சிலர் அவளால்தான் இத்தனை வம்பு என்றார்கள். வேறு ஐந்து பேர், தனித்தனியாக, யாரும் பார்க்காத நேரத்தில் வந்து கார்டை எப்படிக் கேன்சல் செய்வது என்று கேட்டார்கள். அவளே அவர்களை பேங்குக்குக் கூட்டிப் போனாள். நான்கைந்து மாதத்தில் போன் வருவது நின்றது. புவனேஸ்வரனை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள் என்று கேள்வி. அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் வரவில்லை.

சம்பளம் முழுதாகக் கைக்கு வந்தது. கதவுக்குப் புதுச் சாயம் பூசினார்கள். புஷ்பவள்ளிக்கு மட்டும் வேலைக்குப் போவது பெரும்பாடாக இருந்தது. அடுத்த நிரையில் இப்போது ஒரு வங்காளதேசத்துப் பையன். நல்ல உழைப்பாளி. காதில் எதையோ மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டபடி வேலை செய்வான். பழம் விழுகிற சத்தம், கோணி இழுபடுகிற சத்தம், அவ்வளவுதான். சில நாள் அவளையறியாமல் நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்ப்பாள். சொல்லவேண்டியது பெரிதாக எதுவும் இருக்காது. புதிதாக வந்த மண்டோர் தொப்பியைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு வந்தான் என்பது போல ஏதாவது இருக்கும். அதைக் கேட்டுச் சிரிக்க ஆள் இல்லை.

சிரம்பான் பக்கம் மம்பாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரோகினியைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறிப் போனாள். முதல் வாரம் கடை பூட்டியிருந்தது. இரண்டாவது வாரம் கடைக்காரர் யாக்கூப் இருந்தார்.

"இங்க தட்டு கழுவிச்சும்மா, ஒரு மாசம். நல்ல வேலக்காரி. சத்தமே வராது, வாயத் தொறக்காது. மக பாரோய்ல பல்லு கிளினிக்ல இருக்குன்னு சொல்லிட்டு அங்க போயிட்டாங்க."

வாயைத் திறக்காது என்று அவர் சொன்னது புஷ்பவள்ளிக்கு வேறு யாரையோ பற்றிச் சொன்னது போல இருந்தது. வீடு வரும் வரை அது மனதை விட்டுப் போகவில்லை.

பாரோயில் பல் கிளினிக்குகள் பல இருந்தன. மூன்றாவதில் யாழினி நீலச் சட்டை போட்டு முன்மேசையில் உட்கார்ந்திருந்தாள். உடம்பு இளைத்திருந்தது. எழுந்து வெளியே வந்தாள்.

"சொல்லுங்க, ஆன்ட்டி."

பெரியம்மா இல்லை, ஆன்ட்டி. புஷ்பவள்ளி கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். நானூறு வெள்ளி. தனக்குத் தள்ளிய வட்டி.

"இது உங்கம்மாவோடது."

"வேணாம் ஆன்ட்டி. அம்மா திட்டுவாங்க." யாழினி கவரைத் தொடவே இல்லை. "அம்மா நல்லா இருக்காங்க. நான் சாயங்காலம் கிளாஸ் போறேன், இந்த வருஷம் முடிச்சிருவேன். ஆனா உங்கள பாக்க வேணாம்னு அம்மா சொல்லிட்டாங்க."

"பாக்க வேணாம். ஒன்னே ஒன்னு சொல்லிடு. போலிஸ்ல ரிப்போர்ட் குடுத்திருக்கேன். ரோகினிக்கு நடந்தத எல்லாம் அதுல இருக்கு. நான்தான் சேத்து விட்டேன்னும் எழுதியிருக்கு. இப்ப யாரும் வர்றதில்ல. நீங்க பயந்துகிட்டு இருக்க வேணாம்."

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். "சொல்றேன்" என்றுவிட்டுப் போனாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் புஷ்பவள்ளி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். பழைய பயத்தில் எடுக்கவா வேண்டாமா என்று நின்றுவிட்டு எடுத்தாள்.

"புஷ்பா, நான்தான்."

ரோகினியின் குரலைக் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"நீ குடுத்த ரிப்போர்ட்டோட நம்பர் வேணும். நானும் இங்க குடுக்கப் போறேன். யாழினி படத்த அனுப்பினத நான் சும்மா விடப்போறதில்ல."

புஷ்பவள்ளி மீன் நாற்றக் கையோடு அலமாரியைத் திறந்து, புடவைக்கு அடியிலிருந்த தாளை எடுத்து, நம்பரைப் படித்தாள். ரோகினி எழுதிக்கொண்டு ஒரு தடவை திருப்பிச் சொன்னாள். சரியாக இருந்தது.

"எப்படி இருக்க, ரோகினி?"

"இருக்கேன்." பிறகு அவளே கேட்டாள். "அண்ணன் காலு சரியாயிருச்சா?"

"நடக்கறாரு. மழ வந்தா வலிக்குதுங்கறாரு."

"சரி. வேல இருக்கு. வைக்கிறேன்."

சன்னாசி வாசலிலிருந்து யார் என்று கேட்டார். ரோகினி என்றாள். என்ன சொன்னாள் என்று கேட்டார். "உங்க கால கேட்டா" என்றாள்.

அந்த நம்பரை ரோகினி என்று பெயர் போட்டுச் சேர்த்து வைத்திருக்கிறாள். இதுவரை கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரும். அதுவும் ரோகினியிடம் இன்னொன்றைக் கேட்டு வாங்குவதுதானே என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அவளாகக் கூப்பிடட்டும் என்று இருக்கிறாள். மரங்களுக்குள் சிக்னல் கிடைக்காது, அது அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் தினமும் காலையில் போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாள்.