மஞ்சள் சீட்டில் மூவர்

எந்த விமர்சனக் கட்டுரையையும் அம்மா கடைசிப் பத்தியிலிருந்துதான் படிக்கத் தொடங்குவார். பிறகு எழுதியவர் பெயர், வெளிவந்த தேதி. அதன்பின், நாவலின் பிற்பாதியிலிருந்து ஒரு சம்பவமாவது வந்திருக்கிறதா என்று பார்ப்பார். வராவிட்டால், "இவரு இடைவேளையிலேயே எழுந்து போயிட்டாரு சார்" என்று எதிரே நாளிதழ் படிக்கும் என்னிடம் சொல்லிவிட்டுப் பக்கத்தை மூடுவார்.

நூலகத்தின் தகவல் மேசைக்கு வந்து பதினான்கு ஆண்டு ஏழு மாதம். இணையத்தில் கிடக்கும் இலக்கிய விமர்சனங்களில் தேறுவதைப் பிரித்துக் கொடுப்பதால், வாசகர்களுக்கு அவர் 'சல்லடை அம்மா'. அதில் அவருக்குப் பெருமை. கண்ணாடி இரண்டு, கணினித் திரைக்கு ஒன்று, ஆட்களுக்கு ஒன்று. பெரும்பாலும் மாற்ற மறந்து, வந்தவர்களைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார்.

தேறியவற்றை மஞ்சள் சீட்டில் எழுதி, எத்தனை பேர் என்ன சொல்கிறார்கள் என்று குறித்துக் கையெழுத்திடுவார். அதற்கு முன் கடைசிச் சோதனை: கட்டுரையின் ஒரு வாக்கியத்தை அப்படியே தேடுபெட்டியில் ஒட்டி, வேறெங்காவது அகப்படுகிறதா என்று பார்ப்பது.

சென்ற மாதம் எட்டாம் தேதி அந்தச் சோதனை விட்டுப்போயிற்று. ஆய்வேடு எழுதும் பள்ளி ஆசிரியை ஒருவர் பக்கத்தில் நின்று அவரைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

நேற்றுதான் தெரிந்தது. அன்று அவருக்குக் கொடுத்த மூன்று விமர்சனங்களும் ஒரே கட்டுரைதான், பத்திகளை முன்பின் மாற்றி அடுக்கியவை. எழுதியவர் பெயர்கள் வேறு. மூன்றிலும் கதாநாயகியின் கொழுந்தனைத் தம்பி என்றே எழுதியிருந்தது.

"ஒருத்தர் தப்பு பண்ணலாம். மூணு பேரும் அதே தப்பையா சார் பண்ணுவாங்க? என் கண்ணு எங்க போச்சு?" என்றார் அம்மா. அதன்பின் மாலைவரை யாருக்கும் சீட்டு எழுதவில்லை.

இன்று காலை ஆசிரியை சிரித்தபடி வந்தார். கையில் பைண்டு செய்த ஆய்வேடு.

"அக்கா, நாளைக்குக் குடுக்கணும். மூணு பேரும் ஒரே குரலா சொல்றாங்கன்னு ஒரு அத்தியாயமே போட்டுட்டேன். நன்றிப் பக்கத்துல முதல் பேரு உங்களுதுதான்!"

சொல்லாமல் விட்டால் ஆய்வேட்டை மதிப்பிடுபவர் கண்ணில் படாமலே போகலாம். அம்மா என்னைப் பார்த்தார். நான் நாளிதழுக்குள் குனிந்துகொண்டேன்.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். அந்தச் சீட்டைக் குடும்மா."

ஆய்வேட்டுக்குள் பத்திரமாக இருந்த சீட்டு வந்தது. அம்மா 'மூவர்' என்பதை ஒரே கோட்டில் அடித்தார். மேலே 'ஒருவர்' என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு திரைக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஆட்களுக்கானதை எடுத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.