நாசிபாவின் முகம்

துர்சுனாய்க்குப் பயம் புதிதல்ல. அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க மூன்றாவது மாடிக்குத் திரும்பவும் ஏறுகிறவள் அவள். தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு சின்னப் படக் கம்பெனியில் உதவி எடிட்டராகச் சேர்ந்தபோது, "உனக்கு ஏத்த வேலைதான்" என்று புருஷனே சிரித்தான். அவன் சொன்னதில் தப்பில்லை. எடிட்டிங் முடிந்த படத்தைக் கலர் பண்ணுகிற மென்பொருளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, திரும்பவும் கொண்டுவருவது அவள் பொறுப்பு. பயந்தாங்கொள்ளிகளால் மட்டுமே ஒழுங்காகச் செய்யக்கூடிய வேலை அது.

பெட்டியை இந்த அறையிலிருந்து தூக்கி அந்த அறையில் வைப்பதுபோலத்தான் மற்றவர்களுக்குத் தோன்றும். உண்மையில் இங்கிருந்து போவது படமே அல்ல. எந்த ஷாட், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்கிற குறிப்பு மட்டும்தான் போகும். அதை வைத்துக் கலர் மென்பொருள், கேமராவில் எடுத்த அசல் காட்சிகளைத் தேடிப் பிடித்து வரிசையாக அடுக்கிக்கொள்ளும். வெட்டிய இடங்கள் அப்படியே இருக்கும். மேலே போட்ட எழுத்து, மறைப்பு எல்லாம் வழியில் உதிர்ந்துவிடும். படம் திரும்பி வந்ததும் அவற்றை மறுபடி ஏற்ற வேண்டும். துர்சுனாய் ஏற்றுவாள். ஏற்றியபின் ஒரு முறை முழுக்கப் பார்ப்பாள். மனசு கேட்காமல் மறுபடியும் முதலிலிருந்து பார்ப்பாள்.

அந்த வசந்தத்தில் வந்தது இயக்குநர் புருலின் ஆவணப்படம். பெண்களைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டுபோய், தலையில் வெள்ளைத் துணியைக் கட்டிக் கல்யாணம் என்று முடித்துவிடுகிறார்களே, அதைப் பற்றியது. படத்தில் பேசியவர்களில் ஒருத்தி நாசிபா. நாரின் பக்கத்து மலை ஊரிலிருந்து கைக்குழந்தையோடு தப்பி வந்து, பிஷ்கெக்கில் ஒரு தையல் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தாள். புருஷன் வீட்டார் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள். முகம் தெரியக்கூடாது என்ற ஒரே நிபந்தனையில்தான் கேமரா முன்னால் உட்கார்ந்தாள். அவள் குரலை மாற்றி, முகத்தின்மேல் கலங்கலான மறைப்பைப் போட்டது துர்சுனாய்தான்.

இந்த மாதிரி ஷாட்டின் அசலை அவள் வெளியே விடவே மாட்டாள். மறைப்போடு சேர்த்துப் புதிதாக ஒரு பிரதி எடுத்து, அதைத்தான் கலருக்குக் கொடுப்பாள். இந்த முறை கலர் பண்ணுகிற குபானிச் முரண்டு பிடித்தான்.

"கூழ் மாதிரி கலக்கிக் குடுத்திருக்கீங்க. தோல் நிறமே தெரியாம எதை வெச்சுக்கா நான் கலர் பண்றது?"

"சுமாரா பண்ணு தம்பி, போதும்."

"அசலைக் குடுங்கக்கா. திரும்ப உங்ககிட்டதானே வரப்போகுது, அப்ப மூடிக்கங்க. நானென்ன அந்தப் பொண்ணைத் தூக்கிட்டா போகப்போறேன்?"

துர்சுனாய்க்கு அந்தக் கிண்டல் பிடிக்கவில்லை. ஆனாலும் அசலைக் கொடுத்தாள். மறுநாள் டோக்மோக்கில் அண்ணன் பேரனுக்குத் தொட்டில் விருந்து. போகாவிட்டால் சொந்தக்காரர்கள் சாகிறவரை சொல்லிக் காட்டுவார்கள். போனாள், ஆட்டுக்கறி தின்றாள், பாட்டும் கேட்டாள், அதற்கடுத்த நாள் காலை வேலைக்கு வந்தாள்.

"கலர் முடிஞ்சுதா? படத்தைக் குடு, மேல ஏத்தணும்."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு எழுத்தெல்லாம் நானே ஏத்திட்டேன்க்கா. புருல் அக்கா அவசரப்பட்டாங்க. நேத்தே டிஸ்க்கை டாக்ஸிக்காரர்கிட்ட குடுத்தனுப்பியாச்சு."

"எந்த ஊருக்கு?"

"நாரின் பக்கம். ஊர்க் கலையரங்குல இன்னிக்கு மத்தியானம் போடறாங்க."

"முகத்தை மூடுனியா?"

"எழுத்தை மட்டுந்தான்க்கா ஏத்தினேன்" என்றான் குபானிச். அவன் காதுமடல் வெளுத்தது.

நாசிபாவின் ஊர்க்காரர்கள் வந்து உட்காரப்போகிற அரங்கு அது. துர்சுனாய் புருலுக்குப் போன் போட்டாள். அவள் மலைக் கணவாயில் எங்கோ போய்க்கொண்டிருந்தாள், இணைப்பே கிடைக்கவில்லை. டாக்ஸிக்காரர் எடுத்தார்; விடிந்ததுமே டிஸ்க்கைக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி, அரங்கில் படம் ஓட்டுகிற சர்ஷென் என்பவரின் எண்ணைக் கொடுத்தார். துர்சுனாய் அந்த எண்ணைத் தப்பாக அழுத்தி, மறுபடி அழுத்தினாள்.

"அண்ணே, அந்தப் படத்தைப் போட்டுடாதீங்க. தப்பான பிரதி வந்துடுச்சு."

"அப்படியா? சத்தம் சரியா இருக்கான்னு இப்பத்தான் முழுசா ஓட்டிப் பார்த்தேன். நல்லாத்தானே இருக்கு."

"யாரெல்லாம் பார்த்தீங்க?"

"நான் மட்டுந்தான். நம்ம நாசிபாகூட வர்றாளே. குரல்தான் ஆம்பளைக் குரல் மாதிரி இருக்கு. நல்லா இருக்காளா?"



"அண்ணே, அல்லா பேரால கேக்குறேன். டிஸ்க்கைக் கழட்டி வெச்சுடுங்க. புருல் வந்து வாங்கிக்குவாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் எதுக்கும்மா சொல்லப்போறேன்? எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு. ஆமா, பிஷ்கெக்ல எந்தப் பக்கம் இருக்கா?"

"தெரியாதுண்ணே."

"பின்னாடி தையல் மெஷினா நிக்குதே. எந்தப் பட்டறை?"

அவள் போனை வைத்தாள்.

"நிறுத்திட்டாருல்ல?" என்றான் குபானிச். "அப்பாடா. பிழைச்சோம்."

"நீ பிழைச்சே. அவ இருக்கிற இடத்தை ரெண்டு தடவை கேட்டாருடா."

அவனை ஓங்கி ஒன்று விட வேண்டும்போல இருந்தது. ஆனால் அசலை எடுத்துக் கொடுத்த கை அவளுடையது. படம் நின்றுவிட்டது, பார்த்தவர் ஒருவர்தான், அவரும் சொல்ல மாட்டேன் என்கிறார். வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் நாசிபாவுக்குத் தெரியவே தெரியாது. பேருந்து நிறுத்தம்வரை துர்சுனாய் இதையே நினைத்துக்கொண்டு போனாள். நாசிபாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்கு அவ்வளவு பயமாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்ததால்தான் பேருந்தில் ஏறினாள்.

பட்டறையில் மெஷின் சத்தத்தில் காதோடு காதாகத்தான் பேச முடிந்தது. நாசிபா தைப்பதை நிறுத்தாமலே கேட்டாள். குழந்தை துணிக்குவியல்மேல் தூங்கிக்கொண்டிருந்தது.

"பார்த்தது யாரு?"

"சர்ஷென்னு ஒருத்தர். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னாரு. நல்லவராத்தான் பேசினாரு."

நாசிபாவின் கால் மிதியிலிருந்து எழும்பியது.

"நல்லவருதான்க்கா. முதல் தடவை நான் ஓடி வந்தப்ப அவருதான் ரோட்ல பார்த்தாரு. குளிருதேன்னு கார்ல ஏத்திக்கிட்டாரு. டீ வாங்கித் தந்தாரு, பிள்ளைக்குப் பாலும் வாங்கித் தந்தாரு. அப்புறம் வண்டியைத் திருப்பி அந்த வீட்டு வாசல்லயே இறக்கி விட்டுட்டாரு."

அவள் எழுந்து குழந்தையின் கோட்டை எடுத்தாள். தூங்குகிற கையைக் கோட்டின் கைப்பகுதிக்குள் நுழைப்பது அவ்வளவு எளிதாக இல்லை. துர்சுனாய் இன்னொரு கையைப் பிடித்துக்கொடுத்தாள்.

"என் வீட்டுக்கு வா. இப்பவே போயிடலாம்."

நாசிபா பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "படம் முடியறப்ப உங்க பேரு வருதாக்கா?"



"வருது."

"அப்ப அதையும் அவரு பார்த்திருப்பாரு. அங்கயும் வேண்டாம்" என்றாள் நாசிபா.