ஆடிக் காற்றும் ஒரு காலித் தீப்பெட்டியும்

“…அதையும் வெளிய சொல்லிட்டீங்கன்னா, அப்புறம் நாம ரெண்டு பேரும் கடையில ஈ ஓட்ட வேண்டியதுதான் அத்தான். கறக்கிற மாட்டை யாராவது சந்தையில கொண்டுபோய்க் கட்டுவாவளா?”

என் மனைவியின் தம்பி இப்படிக் கேட்டது, எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை காலையில். கோவில்பட்டியில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு சிறிய கடை வைத்திருந்தோம். தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் குச்சி முக்கும் மெழுகுச் சட்டியின் சூட்டை முள் நகர்ந்து காட்டுமே, அந்தப் பெட்டியைச் செய்வதுதான் எங்கள் தொழில். நான் ரேடியோவைப் பிரித்துப் பிரித்தே சர்க்யூட் கற்றவன். விற்பது மைத்துனன் பொறுப்பு.

ஊரில் இன்னும் சில இன்ஜினியர்களும் அதே பெட்டியைச் செய்தார்கள். நல்ல படிப்பு, சுத்தமான வேலை. ஆனாலும் ஆடி பிறந்தால் அவர்கள் பெட்டிக்குப் பேய் பிடித்துவிடும். சட்டியில் சூடு மாறியிருக்காது. முள் மட்டும் ஏறி இறங்கும். எங்கள் பெட்டி ஆடாமல் நிற்கும். ஆர்டரெல்லாம் எங்களிடம் வந்ததே அதனால்தான்.

காரணம் எனக்குத் தெரியும். சூட்டை அறியச் சட்டிக்குள் கிடக்கும் கம்பியில் ஒரு டிகிரிக்கு வரும் மின்சாரம் வோல்ட்டில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் கம்பியின் இரு முனைகளும் சர்க்யூட்டில் சேரும் இடத்தில் காற்றுப் பட்டு, ஒரு முனை மட்டும் கொஞ்சம் குளிர்ந்தால் போதும், முள் பொய் சொல்லும். கரிசல்காட்டு ஆடிக் காற்று உள்ளே புகப் பெட்டியின் காற்றோட்டத் துளைகள் போதாதா? நான் இரு முனைகளையும் நெருக்கமாக அருகருகே வைத்து, மேலே ஒரு காலித் தீப்பெட்டியைக் கவிழ்த்து மூடிவிட்டேன். எங்கள் பிழைப்பே அந்தத் தீப்பெட்டிக்குள்தான் இருந்தது.

முந்தின வாரம் ஓர் ஆலையில், வேறொருவர் செய்த பெட்டியின் முள் இறங்கியதை நம்பி அடுப்பைக் கூட்டியிருக்கிறார்கள். மெழுகு பற்றிக்கொண்டது. மணலைக் கொட்டி அணைத்துவிட்டார்கள்; யாருக்கும் காயமில்லை. ஆனால் பக்கத்து அறையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து குச்சி அடுக்கிக்கொண்டிருந்தார்கள் என்று கேட்டதும், அந்தத் தீப்பெட்டி ரகசியத்தை எல்லாருக்கும் சொல்லிவிடுவதென்று முடிவு செய்தேன்.

“கிணத்துத் தண்ணிய வெள்ளமா கொண்டுபோயிரும்? வா மாப்ள” என்று மைத்துனனை இழுத்துக்கொண்டு போனேன்.

விடுமுறை நாளில் ஒரு டைப்ரைட்டிங் பள்ளியின் மாடியில், ஊரில் சர்க்யூட் வேலை தெரிந்த நாங்கள் எல்லாரும் கூடிப் பேசுவது வழக்கம். எல்லாரும் எல்லாவற்றையும் பேசுவோம், அவரவர் சர்க்யூட்டைத் தவிர! அன்று நான், முள் ஆடும் பெட்டி ஒன்றை மேஜையில் வைத்து, அதன் கம்பியை வெந்நீரில் போட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டேன். முள் தள்ளாடியது. முனைகளை அருகருகே நகர்த்தி, மேலே தீப்பெட்டியைக் கவிழ்த்தேன். முள் அடங்கி நின்றது.

“ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாவ. மைக்ரோவோல்ட் எம்மாத்திரம்?” என்றேன். சிரிப்பு அடங்க நேரமானது. கடைசி பெஞ்சில் மைத்துனன் மட்டும் உர்ரென்று உட்கார்ந்திருந்தான்.

அப்போது ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்த இன்ஜினியர் ஒருவர் எழுந்தார். “அண்ணாச்சி, காத்தை அடக்கிட்டீங்க. கம்பியே அறுந்துபோச்சுன்னா உங்க முள்ளு எங்க போய் நிக்கும்?”

யோசித்துப் பார்த்தேன். “கீழ விழுந்திரும்.”

“அப்போ சட்டி ஆறிப்போச்சுன்னு நெனச்சு அடுப்பைக் கூட்டுவாவ.”

ஆடாத எங்கள் பெட்டியும் ஓர் ஆலையைக் கொளுத்தக்கூடியதுதான்! அவர் சாக்பீஸை வாங்கி, கரும்பலகையில் நான் வரைந்திருந்த சர்க்யூட் படத்தில் ஒரு பெரிய ரெசிஸ்டரை வரைந்தார். “இங்கன இதைப் போட்டுட்டா, கம்பி அறுந்ததும் முள்ளு உச்சிக்கு ஓடிரும். பாக்கிறவன் பயந்துபோய் அடுப்பை அணைச்சிருவான்.”

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவரும் திறந்திருக்க மாட்டார். அன்று நான் கொடுத்தது ஒரு தீப்பெட்டி. எனக்குக் கிடைத்தது எத்தனை பேருடைய உயிரோ! ஆனாலும் இன்றைக்கும் அந்த நாளை நினைத்து நெஞ்சு நிமிர்வது என் மைத்துனன் அடுத்துச் செய்ததற்காகத்தான். கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தான், மறுநாள் ஆலைக்குக் கொடுப்பதற்காகக் கையோடு கொண்டுவந்திருந்த எங்கள் புதுப் பெட்டியின் திருகாணிகளை, அத்தனை பேருக்கும் நடுவில் ஒவ்வொன்றாகக் கழற்றினான், மூடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அந்த இன்ஜினியர் பக்கம் பெட்டியைத் தள்ளினான்: “இதுல இன்னும் என்னென்ன தப்பு இருக்குன்னு சொல்லிட்டுத்தான் நீங்க இங்கனருந்து போவணும் அண்ணாச்சி.”