முன்பாரம்

என் அத்தையின் கல்யாணம், இரண்டு சக்கரமா நான்கு சக்கரமா என்ற கேள்வியில் ஏழு மாதம் தடைப்பட்டுக் கிடந்தது. ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தைய வருஷம் அது. எனக்கு ஒன்பது வயது. அத்தை என் அப்பாவின் தங்கை. மாப்பிள்ளை என் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா. எங்கள் வீட்டில் எல்லாரும் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள், ஜாதகம் பார்க்கும் வழக்கம் இல்லை. அந்தக் குறையை அப்பா வேறு விதத்தில் தீர்த்துக்கொண்டார்.

மாமா பாளையங்கோட்டையில் டாக்டர். ஆற்றங்கரை ஊர்களிலிருந்து, ஏரல் வரைக்கும், ஆள் வந்து கூப்பிடுவார்கள். அந்த வருஷம் ஒரு பிரசவத்துக்கு அவர் வில்வண்டியில் கிளம்பிப் போய்ச் சேருவதற்குள் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். திரும்பி வந்த மாமா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், மோட்டார் சைக்கிள் வாங்கப்போவதாகச் சொன்னார்.

அப்பா கணக்கு வாத்தியார். தாய் தகப்பன் இல்லாத தங்கையைத் தானே வளர்த்தவர்.

"தானா நிக்கத் தெரியாத சாமான்ல ஏறிப் போகப் போறீராக்கும்? எந்தங்கச்சிக்கு வெள்ளச் சேலை எடுக்க என்னால ஆகாதுவே" என்றார்.

"கார் கவுந்தா உள்ள இருக்க அத்தன பேருக்கும் ஆபத்து, அத்தான். இதுல எனக்கு மட்டுந்தான்" என்றார் மாமா. ஆறுதலாகத்தான் சொன்னார். அப்பா அதை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார். மாமா கார் வாங்கும்வரை கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆராதனை முடிந்து வந்ததும் அப்பா சிலேட்டை எடுத்துவிடுவார். எருமை குறுக்கே வந்தால் எது மோசம், செம்மண்ணில் மழை பெய்தால் எது வழுக்கும் என்று இரண்டு பேரும் மல்லுக்கட்டுவார்கள். எருமைக்கு எது மோசம் என்று அம்மா ஒருமுறை கேட்டாள். அத்தையிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அவளுக்கு இருபத்துநான்கு வயது. பெண்கள் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, எங்கள் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பாள்.

கடைசியில் மாமா இறங்கிவந்தார். தூத்துக்குடி வியாபாரி ஒருவர் விற்கவிருந்த காரை ஓட்டிப் பார்க்கக் கொண்டுவந்தார். ஒரு சனிக்கிழமை காலை நாங்கள் எல்லாரும் அதில் ஏறினோம். மாமா ஓட்ட, அப்பா பக்கத்தில். பின்னால் அம்மா, என் இரண்டு தம்பிகள், அத்தை, நான். தெருவே வாசலுக்கு வந்து எங்களைப் பார்த்தது. நான் யாரையும் பார்க்காததுபோல் உட்கார்ந்திருந்தேன்.

வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில்தான் வினை வந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் மாட்டுவண்டியில் போனவர்களுக்குத் தெரியும். மேட்டில் ஏறும்போது பாரம் பின்னால் சாய்ந்தால் நுகம் மேலே தூக்கி, மாட்டின் கழுத்தைக் கயிறு இறுக்கிவிடும். வண்டிக்காரர் "முன்பாரம்!" என்று சத்தம் கொடுப்பார், உள்ளே இருப்பவர்கள் முன்னால் நகர வேண்டும். இறக்கத்தில் பின்பாரம். எழுதப் படிக்கத் தெரியும் முன்பே நாங்கள் கற்ற பாடம் இது. கார் அந்த ஏற்றத்தில் முக்கி முனகியதும், ஏழு மாதமாக எந்திரங்களைப் பற்றி யோசித்துவந்த என் அப்பா, எழுந்து திரும்பி, "முன்பாரம்! முன்பாரம்!" என்று கத்தினார்.

நாங்கள் கீழ்ப்படிந்தோம். ஐந்து பேரும் ஒன்றாக எழுந்து முன்னால் பாய்ந்தோம். அம்மா மாமாவின் முதுகில் விழுந்தாள், என் பெரிய தம்பி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டான், நான் அவர் கையில் இருந்த திருப்புகிற வளையத்தையே பிடித்துவிட்டேன். கார் பாலத்தை விட்டு விலகி, பைய, ஒரு பக்கமாகச் சாய்ந்து, நாற்று நட்ட வயலில் இறங்கியது.

சேறு எங்களைக் காப்பாற்றியது. அம்மாவுக்குக் கணுக்கால் பிசகியது. மாமாவுக்கு மணிக்கட்டு, அத்தைக்கு உதடு வீங்கியது. அப்பாவின் மூக்குக்கண்ணாடியை வயல்காரர் தேடிக் கொடுத்தார்.

"யாருவே ஓட்டுனது?" என்று அவர் கேட்டார். நியாயமாகப் பார்த்தால், ஏழு பேரும்தான்.

அப்பா நேர்மையான மனிதர். அன்று சாயங்காலம் சிலேட்டைத் துடைத்து மூலையில் வைத்தார். ஒரே நொடியில் ஏழு பேரும் போயிருப்போம். காரை இனி வாங்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மோட்டார் சைக்கிளுக்குச் சரி சொல்லவோ மனசு வரவில்லை. கல்யாணம் நின்றுபோய்விடும் என்று எனக்கே தோன்றியது. பாவமாக இருந்தது. அப்போதுதான் அவர், அந்த ஏழு மாதத்தில் முதல்முறையாக, "நீ என்னம்மா சொல்லுதே?" என்று தங்கையைக் கேட்டார்.

அத்தை தயாராக இருந்தாள். மாமா எப்போதோ விட்டுப்போன மதராஸ் மோட்டார் கம்பெனி விலைப்புத்தகத்தை எடுத்துவந்து, முனை மடித்துவைத்திருந்த பக்கத்தைத் திறந்தாள். மோட்டார் சைக்கிள் படம். அதன் பக்கத்தில் தொட்டில்போல ஒரு கூடையும், அதற்கென்று ஒரு சக்கரமும் இருந்தன.

"மூணு சக்கரம் அண்ணே. தானா நிக்கும்" என்றாள்.

அப்பாவின் முகம் தெளிந்தது. இரண்டுக்கும் நாலுக்கும் நடுவே மூன்று என்பது அவருக்குப் பிடித்த மாதிரி விடை. வருகிற ஞாயிறே ஓலை வாசிக்கக் கொடுத்துவிடலாம் என்றார்.

நான் படத்தை நன்றாகப் பார்த்தேன். பெரிய குறை ஒன்று இருந்தது. வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

"அப்பா, இதுல ஓட்டுதவங்க போக ஒரு ஆளுதான் உக்கார முடியும். நாமெல்லாம் எங்கன உக்காருதது?" என்றேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். மாமா கட்டுப்போட்ட மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை, வீங்கிய உதடு வலிப்பதையும் பாராமல் சிரித்தாள். மூன்று சக்கரம் கவிழாது என்ற நிம்மதியில் சிரிக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.