வலிக்குதா?

என் கணவர் காலில் முள் குத்தினாலே ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவார். அப்படிப்பட்டவர் ஊசி மேல் ஊசி போட்டும் வாயைத் திறக்கவில்லை என்றதும் நான் பயந்துபோனேன்.

சாராயத்தால் அவருடைய கல்லீரல் கெட்டுப்போயிருந்தது. கண்ணெல்லாம் மஞ்சள், வயிற்றில் நீர். வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு வளர்ச்சி ஊசியைப் பற்றிச் சொன்னார். அது எலும்பு மஜ்ஜையைத் தட்டி எழுப்புமாம். அங்கிருந்து புது செல்கள் கிளம்பிப் போய்க் கல்லீரலைத் தேற்றப் பார்க்குமாம். "எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாதும்மா. எலும்பு வலிக்கும், பயப்படாதீங்க" என்றார். கடைசியாகச் சொன்னதுதான் என் மண்டையில் ஏறியது. வலித்தால் பிழைப்பார், வலிக்காவிட்டால் போய்விடுவார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

உடம்பு கொஞ்சம் நிதானப்பட்டதும் மீதி ஊசிகளை ஐஸ் பெட்டியில் வைத்து எங்களை மலைமேல் இருக்கும் எங்கள் ஊருக்கு அனுப்பினார்கள். ஷேர் ஜீப்பில் பெட்டி என் மடியில். "இன்னாக்கா, குச்சி ஐஸா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "ஆமா, துன்னா குடிகாரன் திருந்துவான். உங்கூட்டுக்காரருக்கு ஒண்ணு தரட்டா?" என்றேன். ஜீப்பே சிரித்தது, அவரும்தான்.

மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மா ஊசி போடுவார். போட்ட கையோடு நான் ஆரம்பிப்பேன்.

"இடுப்பு வலிக்குதா?"

"இல்ல."

"முதுகு?"

"இல்லடி!"

வலி வராவிட்டாலும் மருந்து வேலை செய்யும் என்று நர்சம்மா சொன்னதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. புளியமரத்துக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்து சாமைச் சோறு ஆக்குவேன்.

ஒரு நாள் அடக்க மாட்டாமல் அவர் எதிரிலேயே ஓவென்று அழுதேன். "இன்னாயா, உனக்கு ஒரு எலும்புகூடவா வலிக்கல?"

அவர் திருதிருவென்று விழித்தார். "வலிக்காம இன்னா? மொத ஊசிலேர்ந்தே இடுப்பு ஒடியுது. நீ பயந்துக்குவேன்னுதான் பல்லக் கடிச்சிக்கினு இருந்தேன்."

அழுத முகத்தோடு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தாள். புருஷன் வலிக்குது என்கிறான், இவள் சிரிக்கிறாளே என்று திட்டினாள். திட்டட்டும். எங்களுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அவர் எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் காமாலை இறங்கியிருந்தது. இப்போது அவர் சாராயத்தின் பக்கம் போவதில்லை. முள் குத்தினால் மட்டும் பழையபடி கத்துகிறார். நான் அடுப்பை விட்டு எழுந்துகூடப் பார்ப்பதில்லை. நன்றாகக் கத்தட்டும்.