பன்னிரண்டு இலக்கத்துக்கு மயங்காதவள்

லோகேஸ்வரிக்கு வாய் அதிகம் என்று மலேசியாவின் சிரம்பானில் அவள் வேலை பார்க்கும் அளவுக் கருவிச் சோதனைக்கூடத்தில் எல்லோரும் சொல்வார்கள். இருக்கட்டுமே. ரந்தாவ் பக்கத்துத் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களின் மகள். பாரோயிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருகிறாள். பதினெட்டு வருஷமாக அவள் கையெழுத்துப் போட்டால்தான் தராசுகளுக்குச் சான்றிதழ் வெளியே போகும். அப்படிப்பட்டவளுக்குக் கொஞ்சம் வாயும் வேண்டாமா?

இந்த வருஷம் புது வேலை ஒன்று வந்தது. தொலைபேசிக் கோபுரங்களில் இருக்கும் நுட்பமான கடிகாரங்கள் நிலையாக ஓடுகின்றனவா என்று சோதிக்க வேண்டும். அதற்கொரு டைம் இன்டர்வல் கவுண்டர் தேவை. நம் கூடத்துக் கடிகாரத்தின் துடிப்புக்கும், சோதிக்க வந்த கடிகாரத்தின் துடிப்புக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று துடிப்புக்குத் துடிப்பு சொல்லும் பெட்டி அது. அந்த இடைவெளி எவ்வளவு ஆடுகிறது என்பதுதான் சோதனையே. பெட்டியே ஆடினால் கடிகாரத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

மேனேஜர் ஜீவானந்தன் மனத்துக்குள் ஏற்கெனவே வாங்கி முடித்துவிட்டார். விற்பனையாளன் சத்தியசீலன் பளபளவென்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். அச்சடித்த ஏற்புப் பாரத்தில் லோகேஸ்வரியின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"பன்னெண்டு டிஜிட் காட்டுது, லோகேஸ்! கஸ்டமர் பாத்தா வாயப் பொளப்பான் லா," என்றார் மேனேஜர்.

லோகேஸ்வரி பெட்டியை அருகில் இழுத்தாள். ஒரே துடிப்பை இரண்டாகப் பிரித்து, சம நீளமுள்ள இரண்டு கேபிளில் பெட்டியின் இரண்டு வாசலிலும் கொடுத்தாள்.

"ஒரே சிக்னல ரெண்டு பக்கமும் கொடுத்து என்னக்கா பாக்கப் போறீங்க?" என்றான் சத்தியசீலன்.

"எங்க தோட்டத்துல பால் நிறுக்குறதுக்கு முன்னாடி வெறும் வாளியத்தான் மொதல்ல தராசுல வைப்போம். வாளி எத்தன கிலோன்னு எங்களுக்குத் தெரியும். முள்ளு கொறச்சுக் காட்டுனா, கணக்கெழுதுற கிராணி மூஞ்சியப் பாப்போம். இதுவும் அதான் தம்பி. இடைவெளி மாறவே கூடாது. மாறுனா அது பெட்டியோட ஆட்டம்."

திரையில் எண்கள் கல் மாதிரி நின்றன. ஜீவானந்தன் வெற்றிச் சிரிப்புச் சிரித்தார். லோகேஸ்வரிக்கு அந்த நிதானமே பிடிக்கவில்லை. எந்தப் பெட்டியும் இவ்வளவு யோக்கியமாக இருக்காது. திரையின் ஓரத்தைக் குனிந்து பார்த்தாள். ஆயிரம் அளவை எடுத்து அவற்றின் சராசரியைத்தான் அது காட்டிக்கொண்டிருந்தது. அதை அணைத்தாள். கடைசி எண்கள் குதிக்க ஆரம்பித்தன.

நூறு அளவு குறித்தாள். அறுநூறு பிக்கோ விநாடி ஆட்டம். விநாடியை லட்சம் கோடித் துண்டாக்கினால் ஒரு துண்டுதான் பிக்கோ விநாடி. ஆனால் இந்த வேலைக்கு நூறே அதிகம். முந்தின நாள் வேறொரு விற்பனையாளர் கொண்டுவந்த, திரைகூட இல்லாமல் கணினியில் எண் காட்டும் சாம்பல் நிறப் பெட்டி இதே சோதனையில் முப்பதைத் தாண்டவில்லை.

"எல்லாரும் ஆவரேஜ் போட்டுத்தான்கா பாப்பாங்க," என்றான் சத்தியசீலன்.

"ஆட்டத்த அளக்கத்தானே பெட்டி வாங்குறோம். அத மறைச்சிட்டு என்னத்த அளக்குறது?"

ஜீவானந்தனின் முகம் சிவந்தது. "சைன் பண்ணுங்க. இல்லன்னா கடிகாரத்துக்கான புது செக்‌ஷனுக்கு வேற ஆள் பாத்துக்குறேன். நீங்க தராசுப் பக்கமே போயிடலாம்."

அந்தப் பிரிவுக்காக இரண்டு வருஷம் சனி, ஞாயிறு பார்க்காமல் படித்தவள் அவள். நாற்பத்தொரு வயதில் இன்னொரு வாய்ப்பு வராது என்றும் தெரியும். ஆனாலும் கோபம்தான் வந்தது. பேனாவை எடுத்தாள்.

பாரத்தில் இரண்டு கட்டங்கள். 'ஏற்கப்பட்டது', 'நிராகரிக்கப்பட்டது'. இரண்டாவதில் அந்த அலுவலகத்தில் இதுவரை யார் பேனாவும் பட்டதில்லை. அதில் சரிக்குறி போட்டு, பக்கத்தில் அறுநூறு என்று எழுதி, முழுப் பெயரில் கையெழுத்திட்டாள்.

"சைன் கேட்டீங்க சார், போட்டுட்டேன்."

ஜீவானந்தன் தாளைப் பிடித்தபடி நின்றார். கிழித்தெறிய வழியில்லை, அதற்கு வரிசை எண் உண்டு.

"நாளையிலேருந்து தராசு செக்‌ஷன்," என்றார்.

"போறேன் சார். அந்தப் பெட்டி மொதல்ல போகட்டும்," என்றாள்.