மிளகாய்க் காம்புத் தயிர்

பச்சை மிளகாய் நறுக்கும்போது காம்பைக் கிள்ளித் தூரப் போட இன்றைக்கும் எனக்கு மனம் வருவதில்லை. ஒரு சிரட்டையில் சேர்த்து வைப்பேன். பெரும்பாலும் ஒன்றுக்கும் உதவாமல் அது அங்கேயே காய்ந்து கிடக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைவில் வருகிறவள் என் அண்ணன் மனைவி, மைனி.

கணவர் இறந்த பிறகு, பேசத் தொடங்கியிருந்த மகளைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குத்தான் வந்தேன். இராஜாக்கமங்கலம் பக்கம், வயலும் தோப்பும் உள்ள வீடு. அடுக்களை மைனியின் கையில். காலையில் அவள் பிள்ளைகளுக்கு டப்பாவில் வரும் பொடி கலக்கிய பாலும் பிஸ்கட்டும். என் மகளுக்குப் பழஞ்சி. முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தது, அதில் கொஞ்சம் மோர், ஒரு உள்ளி. "தவப்பன் இல்லாத பிள்ளைக்கி நாக்கு நீளப்பிடாது, ஏட்டி" என்பாள் மைனி. மோர் வயலில் நிற்கிறவர்கள் குடிப்பது, தன் பிள்ளைகள் குடித்தால் சளி கட்டும் என்பது அவள் எண்ணம். அந்தப் பிள்ளைகளோ வயிறு இறுகி, காலைதோறும் கக்கூஸில் இருந்து அழும். என் மகள் பழஞ்சியை வழித்துக் குடித்துவிட்டு விளையாட ஓடிவிடுவாள். எனக்கு அப்போது அவளுக்குப் பால் கிடைக்கவில்லையே என்ற வருத்தம்தான். மோர் வயிற்றுக்கு நல்லது என்று யார் கண்டார்கள்.

ஊருக்கு வந்த நர்ஸம்மா ஒரு நாள் பிள்ளைகளைப் பார்த்தார். மைனியின் பிள்ளைகளின் வயிற்றை அமுக்கியபோது முகம் சுளித்தவர், என் மகளிடம் வந்ததும் சிரித்தார். "இது வயிறு. இதுக்கு என்ன குடுக்கிய?" நான் தரையைப் பார்த்துக்கொண்டே "மோரும் பழஞ்சியும்" என்றேன். "அதையே எல்லாப் பிள்ளைக்கும் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் மகளின் பழஞ்சியில் மோர் இல்லை, உப்புத்தண்ணீர். தன் பிள்ளைகளுக்காவது மைனி மோர் கொடுத்தாளா என்றால் அதுவும் இல்லை. கொடுத்தால் என் பிள்ளை குடித்தது நல்லது என்று ஒத்துக்கொண்டதாகிவிடுமே. "மோரு எங்கம்மா?" என்று மகள் கேட்டது அவள் காதில் விழுந்தது. "பசு வத்திப்போச்சு மக்கா" என்றாள். அன்று கறந்த பால்செம்பு அவள் கையிலேயே இருந்தது.

அந்த வாரமே தெருக்கோடியில் ஒற்றை அறை வீடு பார்த்துப் போனேன். நடவுக்கும் களைக்கும் போய்ப் பிள்ளையைக் காப்பாற்றிக்கொள்ளலாம், மோராவது என் கையால் கொடுக்கலாம் என்று நினைத்தேன். பால் வாங்கிக் காய்ச்சிவிட்டேன், தயிர் தோய்க்க உறை வேண்டும். பழகாத வீட்டு நடையேறிக் கேட்க எனக்குக் கூச்சம். அண்ணன் வீட்டுக்கே போனேன். வயலிலிருந்து வந்து போய்ச் சேர்வதற்குள் விளக்கு வைத்தாகிவிட்டது. "வெளக்கு வச்ச பொறவு உறை கேக்க வந்திருக்கியா? வீட்டு லெச்சுமி எறங்கிப் போயிருவாளே" என்றாள். ஊர் வழக்கம் அதுதான், குறை சொல்ல முடியாது. விடிந்ததும் போனேன். என்னைக் கண்டதும் தயிர்ப்பானையில் தண்ணீரை ஊற்றி, என் கண் முன்னாலேயே கழுவிக் கவிழ்த்தாள். "தீந்துபோச்சே, ஏட்டி."

அன்று நடவில் பக்கத்தில் நின்றவள், "இதுக்கா கண்ணக் கசக்குக? பச்சமொளகாக் காம்பக் கிள்ளி இளஞ்சூட்டுப் பால்ல போட்டு மூடு" என்றாள். முதல் தயிர் தளதளவென்றுதான் இருந்தது. அதை உறையாக ஊற்றியபோது அடுத்தது கட்டியாகத் தோய்ந்தது. அதன் பிறகு எத்தனையோ வருடம் அந்த உறை அறுபடவில்லை. மகள் அதைக் குடித்துத்தான் வளர்ந்தாள். இப்போது மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிறாள்.

போன மாதம், விளக்கு வைத்த பிறகு, மைனியின் பேத்தி இடுப்பில் பிள்ளையும் கையில் கிண்ணமுமாக வந்து நின்றாள். நோய்நொடி இல்லாத பிள்ளைக்குக் குடலுக்கு நல்லதென்று மருந்துக்கடையிலிருந்து ப்ரோபயாடிக் பொடி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாளாம். "சுகமா ஓடியாடுத பிள்ளைக்கி இது எதுக்குன்னு டாக்டர் கேட்டாரு ஆச்சி. வீட்டுத் தயிரும் மோரும் இட்லியும் போரும்னுட்டாரு. ஒரு கரண்டி உறை தாங்கோ." பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "படுக்கையில கெடக்க எங்க ஆச்சிதான் அனுப்பினா. 'அவ வீட்டு உறை நம்ம உறைதான், தனியா போகும்போ நான் தூக்கிக் குடுத்தது'ன்னு சொன்னா."

விளக்கைக் காட்டி நாளைக்கு வா என்றிருக்கலாம். பிள்ளை என் முந்தானையைப் பிடித்து இழுத்தது. கரண்டியை எடுத்து ஊற்றினேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. அன்றைக்கு எழும்பாத வாய் இன்றைக்கும் எழும்பவில்லை, அவ்வளவுதான்.

போனில் மகளிடம் சொன்னேன். "உப்புத்தண்ணி குடிச்சது நானாக்கும்மா. உள்ளதச் சொல்லியிருக்கப்பிடாதா?" என்றாள்.

போனை வைத்துவிட்டு மீதித் தயிரைத் தென்னை மூட்டில் ஊற்றினேன். பானையைக் கழுவிக் கவிழ்த்தேன். இனி அந்த உறை மைனி வீட்டில் மட்டும்தான் இருக்கும், அவளுடையதாகவே இருக்கட்டும். பிறகு பாலைக் காய்ச்சி ஆறவைத்து, சிரட்டையில் பச்சை மாறாமல் கிடந்த காம்புகளைப் பொறுக்கி உள்ளே போட்டு மூடினேன்.